பதினைந்தாம் இரவு: பேராசிரியருக்கு ஒரு தாமதமான திருத்தம்

மலர்க் குழுவிலிருந்து தொலைபேசி வந்தது. "சிங்கப்பூரில் இருக்கிறாய், வரலாறு படித்தவன், ஏதாவது ஒரு கட்டுரை கொடு. ஆனால் 'மலரும் நினைவுகள்' மட்டும் வேண்டாம்ப்பா, ஏற்கெனவே பதினெட்டு வந்துடுச்சு" என்றார் நண்பர். சரி என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் எழுத உட்கார்ந்தபோது ஒரு பழைய கடன் கண்முன் வந்து நின்றது. அதைத் தீர்க்காமல் வேறு எதையும் எழுத மனம் வரவில்லை. ஆகவே இது வரலாற்றுக் கட்டுரையும்தான், கடன் தீர்ப்பதும்தான்.

நம் வரலாற்றுத் துறையில் 1984-87இல் பி.ஏ. படித்தவர்களுக்கு 'சாட்சி சார்' யார் என்று சொல்லவேண்டியதில்லை. இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்காகச் சொல்கிறேன். வகுப்பில் யார் எதைச் சொன்னாலும் சுண்ணக்கட்டியை நீட்டி, "சரி, சாட்சி என்ன?" என்று கேட்பார். "தேதியை எவன் வேணா மனப்பாடம் பண்ணுவான். உனக்கு எப்படித் தெரியும்னு சொல்லு" என்பார். அந்தக் கேள்விக்குப் பயந்தே பாதிப்பேர் கடைசி பெஞ்சுக்குப் போனோம்.

1995இல் ஒரு கப்பல் சரக்கு நிறுவனத்தில் வேலை கிடைத்து சிங்கப்பூர் வந்தேன். தோ பாயோ பகுதியில் ஓர் அடுக்குமாடியில் அறை எடுத்துத் தங்கினேன். பிற்பாடு அதே தளத்திலேயே வீடும் வாங்கினேன். வந்த மறு ஆண்டு செப்டம்பர் மாதம் ஒரு பௌர்ணமி இரவு, புளோக்கின் கீழ்த்தளத்தில் குழந்தைகள் வரிசையாக விளக்குகளைக் குச்சியில் தொங்கவிட்டுக்கொண்டு ஊர்வலம் போனதைப் பார்த்தேன். மீன், முயல், வண்ணத்துப்பூச்சி, விமானம் என்று கம்பிச் சட்டத்தில் வண்ணக் கண்ணாடித்தாள் ஒட்டிய விளக்குகள்; துருத்தி போல மடிந்து விரியும் காகித விளக்குகள்; உள்ளே சின்ன மெழுகுவத்தி. நம்ம ஊர்க் கார்த்திகைதான் நினைவுக்கு வந்தது. அன்றிரவே உட்கார்ந்து சாருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினேன்.

அந்தக் கடிதத்தில் இரண்டு விஷயம் அடித்துச் சொல்லியிருந்தேன். ஒன்று: சீனர்களின் விளக்குத் திருவிழா செப்டம்பரில் வருகிறது, ஹான் வம்சத்து மிங் பேரரசர் புத்தரை வணங்க விளக்கேற்றச் சொன்னதில் அது தொடங்கியது. இரண்டு: இந்த நவீன நகரத்தில் அந்தத் திருவிழா சாகக் கிடக்கிறது. பாதிக் குழந்தைகள் கையில் இருந்தவை பேட்டரி போட்ட பிளாஸ்டிக் விளக்குகள், அவையும் கார்ட்டூன் பொம்மை வடிவில், ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டு. இன்னும் பத்து ஆண்டில் ஒன்றும் மிஞ்சாது என்று எழுதிவிட்டேன்.

சாரிடமிருந்து பதில் வந்தது. கடிதத்தை இரண்டாமாண்டு வகுப்பில் வாசித்துக் காட்டியதாகவும், மாணவர்கள் ஆர்வமாகக் கேட்டதாகவும் எழுதியிருந்தார். கடைசியில் ஒரே ஒரு வரி: "பத்து ஆண்டில் சாகும் என்றாயே, சாட்சி என்ன? ஒரு பழக்கம் செத்துவிட்டது என்று எதை வைத்து முடிவுகட்டுவாய்?"

அந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதவில்லை. அதைவிட மோசம், ஐந்தே மாதத்தில் முதல் விஷயமும் தவறு என்று எனக்குத் தெரிந்துபோனது. அதையும் எழுதவில்லை. வெட்கம்தான் காரணம். இன்றைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். 2003இல் சார் காலமானார். அந்த வகுப்பில் உட்கார்ந்து என் கடிதத்தைக் கேட்ட தம்பிகளில் சிலர் இந்தச் சந்திப்புக்கு வரக்கூடும். சார் இல்லை, அவர்களிடமாவது திருத்தத்தைச் சேர்த்துவிட வேண்டும்.

முதல் திருத்தம்: இரண்டு பௌர்ணமிகள்

எதிர்வீட்டில் ஒரு சீன அம்மாள். நான் 'ஆன்ட்டி' என்பேன். அவர் என்னை 'தம்பி' என்பார். சந்தையில் பழகிக் கற்ற தமிழ்ச்சொல் அது. 1997 பிப்ரவரியில் ஓர் இரவு ஒரு கிண்ணத்தை நீட்டினார். வெல்லப்பாகு போன்ற இனிப்புத் தண்ணீரில் அரிசிமாவு உருண்டைகள் மிதந்தன. கடித்தால் உள்ளே கறுப்பு எள் பூரணம். நம்ம பால் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி என்று வையுங்கள்.

"என்ன விசேஷம் ஆன்ட்டி?"

"இன்னைக்குச் சாப் கோ மே. விளக்குத் திருநாள்."

"விளக்குத் திருநாள்தான் செப்டம்பர்லேயே வந்துட்டுதே!"

அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "அது நிலாப் பண்டிகை, தம்பி. எட்டாம் மாசம். இது முதல் மாசம். ரெண்டுக்கும் விளக்கு உண்டு, ரெண்டும் ஒண்ணில்லை" என்றார்.

அப்புறம்தான் நூலகத்துக்குப் போய்ப் படித்தேன். சீனப் புத்தாண்டின் முதல் மாதப் பௌர்ணமிதான் உண்மையான விளக்குத் திருவிழா. மாண்டரின் மொழியில் யுவான்ஷியாவ். ஹொக்கியென் வழக்கில் சாப் கோ மே, அதாவது பதினைந்தாம் இரவு. புத்தாண்டுக் கொண்டாட்டம் அன்றோடு முடிகிறது. எட்டாம் மாதப் பௌர்ணமி இலையுதிர்கால நடுப்பண்டிகை. அதற்கு நிலா அப்பமும் நிலாவுக்குப் பறந்துபோன சாங்-அ என்ற தேவதையின் கதையும் உரியவை. தென்சீனத்திலும் அங்கிருந்து குடியேறியவர்கள் வாழும் ஊர்களிலும் குழந்தைகள் விளக்குத் தூக்குவது இந்த எட்டாம் மாதத்தில்தான். அதனால் சிங்கப்பூரில் வாய்ப்பேச்சில் பலரும் இதையே 'விளக்குத் திருவிழா' என்றுவிடுகிறார்கள். நான் எட்டாம் மாதத்து விளக்கைப் பார்த்து, முதல் மாதத்து வரலாற்றை அதன்மேல் ஒட்டிவிட்டேன். மிங் பேரரசர் கதைகூடப் பிற்கால மரபு சொல்வதுதான். சாட்சி கேட்டால் தடுமாறவேண்டியிருக்கும்.

சாட்சி உள்ள வரலாறு இதைவிடச் சுவையானது.

சுய் வம்சத்தின் தொடக்கத்தில், அதாவது 6ஆம் நூற்றாண்டின் கடைசியில், லியூ யூ என்ற அதிகாரி பேரரசருக்கு ஒரு புகார் மனு கொடுத்தார். முதல் மாதப் பௌர்ணமி இரவில் தலைநகரிலும் வெளியூர்களிலும் தெருவெல்லாம் கூட்டம், மத்தளச் சத்தம் வானத்தைப் பிளக்கிறது, தீவட்டி வெளிச்சம், மிருக முகமூடி போடுகிறார்கள், ஆண்கள் பெண்வேஷம் கட்டுகிறார்கள், வீட்டுச் சொத்தையெல்லாம் இதற்கே கரைக்கிறார்கள், இதைத் தடை செய்யவேண்டும் என்பது மனுவின் சாரம். பேரரசரும் ஒப்புக்கொண்டார்.

ஆனால் அவருடைய மகன் யாங் பேரரசர் நேரெதிர். 610ஆம் ஆண்டு லோயாங் நகரில் முதல் மாதப் பௌர்ணமியை ஒட்டி, வெளிநாட்டுத் தலைவர்கள் பார்க்க மாபெரும் கேளிக்கை நடத்தினார். வாத்தியக்காரர்கள் மட்டும் 18,000 பேர் என்கிறது சீன வரலாற்று நூல். அந்த மாதம் முழுக்க நடந்தது. அயல்நாட்டு வணிகர்கள் சாப்பாட்டுக் கடைக்குப் போனால் காசு வாங்கக்கூடாது, 'எங்கள் நாடு வளமான நாடு, காசு வாங்குகிற வழக்கம் இல்லை' என்று சொல்லவேண்டும் என்று உத்தரவு. மரங்களுக்கெல்லாம் பட்டு சுற்றியிருந்தார்கள். விவரம் தெரிந்த வணிகர்கள், 'உங்கள் நாட்டிலும் உடம்பை மூடத் துணியில்லாத ஏழைகள் இருக்கிறார்களே, இந்தப் பட்டை அவர்களுக்குக் கொடுக்காமல் மரத்துக்கு ஏன் சுற்றினீர்கள்' என்று கேட்டார்களாம். கடைத்தெரு ஆட்கள் வெட்கித் தலைகுனிந்தார்கள் என்று அதே நூல் பதிவு செய்கிறது. ஒரு திருவிழாவைக் குறைசொன்ன குரலையும் மறைக்காமல் எழுதிவைத்திருப்பதால் அந்த நூலின்மேல் எனக்கு மதிப்பு.

அடுத்து வந்தது தாங் வம்சம். தலைநகர் சாங்கான் முழுவதும் மதில் சூழ்ந்த பேட்டைகளாகப் பிரிந்திருந்தது. பொழுது சாய்ந்து முரசு கொட்டியதும் பேட்டைக் கதவுகள் மூடப்படும். அதன்பிறகு தெருவில் நடந்தால் இருபது அடி. ஆண்டு முழுவதும் இதுதான் சட்டம். முதல் மாதப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று இரவுகளில் மட்டும் கதவுகள் திறந்திருக்கும். பெண்களும் குழந்தைகளும் உள்பட எல்லோரும் ராத்திரியில் தெருவில் நடக்கலாம். 713இல் நகரவாசல் ஒன்றின் வெளியே இருபது ஜாங், நம் கணக்கில் ஏறக்குறைய 60 மீட்டர் உயரத்தில், 50,000 விளக்குகள் கொண்ட விளக்குச் சக்கரம் எழுப்பியதாக அக்காலக் குறிப்பு ஒன்று சொல்கிறது. எண்ணிக்கையில் கொஞ்சம் மிகை இருந்தாலும் இருக்கட்டும். 967இல் சோங் வம்சம் இதை ஐந்து இரவுகளாக்கியது. 1409இல் மிங் வம்சத்து யோங்லே பேரரசர் பத்து நாள் விடுமுறை கொடுத்தார். விளக்கில் விடுகதை எழுதித் தொங்கவிட்டு விடை கேட்கும் வழக்கம் தென் சோங் காலத்து ஹாங்சோ நகரில் வேரூன்றியது.

இதிலிருந்து எனக்குப் பட்டது ஒன்று. இந்தத் திருவிழா கிராமத்திலிருந்து நகரத்துக்கு வந்து வாடிப்போன செடி என்றுதான் நான் நினைத்திருந்தேன். உண்மையில் நமக்குக் கிடைக்கும் பதிவுகளில் அது பெரும்பாலும் நகரத் திருவிழாவாகவே இருக்கிறது. பூட்டிய நகரம் மூன்று இரவு திறப்பதுதான் அதன் மகிழ்ச்சி. விளக்கு அதற்குத் துணை.

நடுவே நம்மவர்கள்

இந்த இடத்தில் நம் மாணவர்கள் கவனிக்கவேண்டிய ஒரு செய்தி. சிங்கப்பூருக்குக் குடியேறிய ஹொக்கியென் மக்களில் பெரும்பாலோர் தென்கிழக்குச் சீனத்தின் சுவான்சோ, ஜாங்சோ வட்டாரங்களைச் சேர்ந்தவர்கள். சுவான்சோ விளக்குகள் இன்றும் சீனாவில் பேர்போனவை. அதே சுவான்சோ துறைமுகத்தில் 13ஆம் நூற்றாண்டில் தமிழ் வணிகர்கள் சிவன் கோயில் எழுப்பியிருந்தார்கள். 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று அங்கே கிடைத்திருக்கிறது. சம்பந்தப் பெருமாள் என்பவர் கானின் உடல்நலம் வேண்டி இறைவனை எழுந்தருளச் செய்த செய்தியைச் சொல்லும் கல்வெட்டு அது. அப்போது ஆட்சியில் இருந்தவர் குப்லாய் கான். அங்குள்ள காய்யுவான் புத்தர் கோயிலின் தூண்களில் கண்ணனும் நரசிம்மரும் செதுக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். முதல் மாதப் பௌர்ணமியன்று சுவான்சோ தெருவில் விளக்குப் பார்க்க நின்ற கூட்டத்தில் நம்ம ஊர்ச் செட்டியார் ஒருவரும் நின்றிருப்பார் என்று நான் நினைத்துக்கொள்வேன். இதற்குச் சாட்சி இல்லை, சார். ஆசைதான்.

சிங்கப்பூரில் சாட்சி உண்டு. தெலுக் ஆயர் தெருவில் ஹொக்கியென் மக்கள் கடல் தேவதை மாசூவுக்கு 1839 முதல் 1842 வரை தியான் ஹொக் கெங் கோயிலைக் கட்டினார்கள். அதே தெருவில் சற்றுத் தள்ளி அதற்கும் முன்பே, 1828-30இல், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் நாகூர் தர்காவை எழுப்பியிருந்தார்கள். அப்போது அந்தத் தெரு கடற்கரை. கப்பலைவிட்டு இறங்கியவர்கள் முதலில் கும்பிட்ட இடங்கள் அவை. இன்று சைனாடவுன் எனப்படும் பகுதியின் நடுவே 1827இல் நாராயணப் பிள்ளை நிறுவிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. அதன் ஓரமாக ஓடும் இரண்டு சீனத் தெருக்களின் பெயர் பகோடா தெரு, டெம்பிள் தெரு. அந்தப் 'பகோடா' எது தெரியுமா? நம் மாரியம்மன் கோயில் கோபுரம்தான்! ஆண்டுதோறும் புத்தாண்டுக்கும் நிலாப் பண்டிகைக்கும் சைனாடவுன் சாலைகளில் தோரண விளக்குகள் எரியும்போது அந்த வெளிச்சம் கோபுரத்துப் பொம்மைகளின் மேலும் விழுகிறது. ஐப்பசியில் தீமிதிக்கு வரிசையில் நிற்கும் பக்தர்களைச் சீனக் கடைக்காரர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். இருநூறு ஆண்டுப் பழக்கம்.

வாளித் தண்ணீர்

இப்போது இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன். திருவிழா சாகிறதா?

அந்த 1996 இரவில் நான் கவனித்தும் புரிந்துகொள்ளாத ஒன்று இருந்தது. குழந்தைகள் விளக்கோடு சுற்றிக்கொண்டிருக்க, எதிர்வீட்டு ஆன்ட்டி ஒரு தூணருகே நின்றிருந்தார். காலடியில் ஒரு வாளி நிறையத் தண்ணீர். கடைசி மெழுகுவத்தி அணையும்வரை இடத்தைவிட்டு அசையவில்லை. அடுத்த ஆண்டும் அதே தூண், அதே வாளி. நான் விளையாட்டாக, "என்ன ஆன்ட்டி, தீயணைப்புப் படையா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. மெதுவாகச் சொன்னார். அவர் பிறந்தது புக்கிட் ஹோ சுவீயில், அத்தாப்பு ஓலை வேய்ந்த வீட்டில். 1961 மே 25, ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. பிற்பகலில் பிடித்த தீ ஓலைக்கு ஓலை தாவியது. ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தார்கள். நான்கு பேர் மாண்டார்கள். அப்போது அவருக்கு ஒன்பது வயது. "அம்மா ஒரு கையில தம்பியையும் இன்னொரு கையில தையல் மெஷினோட தலையையும் தூக்கிட்டு ஓடினாங்க. நான் எதை எடுத்தேன் தெரியுமா? போன வருஷத்து விளக்கு. மீன் விளக்கு. வழியில கூட்டத்துல நசுங்கிப்போச்சு" என்றார்.

வரலாற்று மாணவர்களுக்கு அந்தத் தீயின் பின்விளைவு தெரியும். 1960இல் தொடங்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் ஏறத்தாழ ஓராண்டுக்குள் வீடிழந்தவர்களுக்கு அடுக்குமாடி வீடுகளை ஏற்பாடு செய்து கொடுத்தது. சிங்கப்பூர் குடிசையிலிருந்து மாடிக்கு ஏறிய கதையில் அது ஒரு திருப்பம். அடுக்குமாடியில் முற்றம் கிடையாது. ஆகவே முற்றத்துக்குப் பதிலாகத் திறந்த கீழ்த்தளம் வந்தது. கல்யாணம், சாவு, கேரம் பலகை, விளக்கு ஊர்வலம், எல்லாம் அங்கேதான். 1989 முதல் ஒவ்வொரு புளோக்கிலும் எந்த இனத்தார் எவ்வளவு விழுக்காடு இருக்கலாம் என்று வரம்பு வந்தது. அதனால்தான் சீன ஆன்ட்டியும் தமிழ்த் தம்பியும் மலாய் மக்சிக்கும் ஒரே நடைபாதையில் செருப்பு கழற்றுகிறோம்.

மற்ற மாற்றங்களுக்கும் காரணங்கள் உண்டு. 1970 புத்தாண்டின்போது பட்டாசு விபத்துகளில் ஆறு பேர் இறந்தார்கள். 1972இல் பட்டாசு அடியோடு தடைசெய்யப்பட்டது. பண்டிகை களையிழந்துவிடக் கூடாதே என்று 1973இல் சிங்கே ஊர்வலம் தொடங்கப்பட்டது. 1970களின் பிற்பகுதியிலிருந்து மலாய், இந்தியக் குழுக்களும் அதில் சேர்ந்தன. 1987இல் ஹொங்பாவ் ஆற்றங்கரை விழா பிறந்தது. ஆளுயரத்தைவிடப் பன்மடங்கு பெரிய பட்டு விளக்குகள், தெய்வங்களும் ராசி மிருகங்களுமாக நிற்கும். அண்மை ஆண்டுகளில் அது கரையோரப் பூந்தோட்டங்களில் நடக்கிறது. 1979இல் தொடங்கிய மாண்டரின் பேசும் இயக்கத்தால் பெயரே மாறிப்போனது. ஆன்ட்டி 'சாப் கோ மே' என்கிறார். அவருடைய பேரன் 'யுவான்ஷியாவ்' என்கிறான். ஒரே இரவு, ஒரே வீடு, இரண்டு பெயர்.

இதையெல்லாம் பார்க்கும்போது சுய் வம்சத்துக் கதைதான் நினைவுக்கு வருகிறது. பெரிய மேடை, பெரிய விளக்கு, வெளிநாட்டு விருந்தாளி. அது 610இலும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. 'எல்லாம் கெட்டுப்போச்சு' என்று புலம்பிய லியூ யூவும் அப்போதே இருந்தார். பேட்டரி விளக்கைப் பார்த்து 1996இல் புலம்பிய நான் அவருடைய வாரிசு, அவ்வளவுதான்.

பேட்டரி விளக்கைப் பற்றி ஆன்ட்டியிடமே கேட்டேன். பழமை போகிறதே என்று அவர் வருந்துவார் என்று எதிர்பார்த்தேன். "நல்லதுதான் தம்பி. சின்னப் பசங்களுக்கு அதைத்தான் வாங்கித் தரேன். பாட்டுச் சத்தம்தான் தாங்கலே" என்றார். தீயில் வீட்டைப் பறிகொடுத்தவருக்கு மெழுகுவத்தி ஒரு புனிதப்பொருள் இல்லை. ஆனால் எட்டு வயதான பிள்ளைக்கு மட்டும் காகித விளக்கைக் கொடுத்து, மெழுகுவத்தியை எப்படி உருக்கி நிறுத்துவது, காற்றுக்கு எந்தப் பக்கம் முதுகைக் காட்டுவது, தாள் பற்றிக்கொண்டால் குச்சியைத் தூக்கியெறியாமல் எப்படித் தரையில் வைப்பது என்று சொல்லிக்கொடுப்பார். வாளி பக்கத்திலேயே இருக்கும். என் மகளுக்கு எட்டு வயதானது 2007இல். அந்த ஆண்டு அவளுக்கும் அந்தப் பாடம் நடந்தது. அவள் விளக்கு பற்றி எரிந்தது; தரையில் வைத்தாள்; ஆன்ட்டி தண்ணீர் ஊற்றினார். "பாஸ்" என்றார்.

2020இல் கொரோனா. அந்த ஆண்டு நிலாப் பண்டிகை அக்டோபர் 1. ஐந்து பேருக்கு மேல் கூடக்கூடாது என்று விதி. கீழ்த்தளத்தில் ஊர்வலம் இல்லை. பூட்டிய நகரத்தைப் பற்றிப் புத்தகத்தில் படித்த நான், அப்போது அதற்குள்ளேயே இருந்தேன். ஆன்ட்டி ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி, வாசற்கம்பியில் ஒரு விளக்கு தொங்கவிடச் சொன்னார். எங்கள் தளத்தில் எல்லோரும் தொங்கவிட்டோம். பிள்ளைகள் வாசலிலேயே நின்று எட்டி எட்டிப் பார்த்தார்கள். அவ்வளவுதான் திருவிழா. அதற்கு அடுத்த மாதம் கார்த்திகை வந்தது. நான் வாசலில் அகல் ஏற்றியபோது ஆன்ட்டியின் பேரன் வந்து, "அங்கிள், எங்க வாசல்லேயும் ரெண்டு வைக்கவா?" என்று கேட்டான். வைத்தோம்.

இரண்டாம் திருத்தம்

சாருடைய கேள்விக்கு என்னிடம் இப்போது பதில் இருக்கிறது. அது சீனத்திலிருந்து கிடைத்ததில்லை. என் வீட்டிலேயே கிடைத்தது.

கார்த்திகை அன்று எங்கள் கிராமத்தில் மாவளி சுற்றுவோம். பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கி, இடித்துத் துணியில் பொட்டலமாகக் கட்டி, பிளந்த பனைமட்டைக்குள் வைத்து, கயிற்றில் கட்டி, நெருப்பு வைத்துத் தலைக்குமேல் சுற்றினால் பொறி மழையாகக் கொட்டும். அப்பா செய்துகொடுப்பார், நான் சுற்றுவேன். எத்தனை ஆண்டு சுற்றினேன்! எந்தப் பூவைப் பொறுக்கவேண்டும், எவ்வளவு நேரம் மூடிப் புகைக்கவேண்டும், துணியை எத்தனை மடிப்பு மடிக்கவேண்டும் என்று ஒருநாளும் அவரிடம் கேட்டதில்லை. இரண்டு ஆண்டுக்கு முன் ஊருக்குப் போனபோது மகள் ஆசைப்பட்டாள் என்று செய்து பார்த்தேன். புகைந்தது, பொறி வரவில்லை. அப்பா போய்ப் பல காலம் ஆகிவிட்டது.

சார், என் பதில் இது. வடிவம் மாறினால் பழக்கம் செத்துவிட்டது என்று பொருள் இல்லை. மெழுகு போய் பேட்டரி வரலாம், முற்றம் போய்க் கீழ்த்தளம் வரலாம், பெயர்கூட மாறலாம். தெரிந்தவர் ஒருவர் இருக்கும்போதே பக்கத்தில் இருப்பவன் கேட்காமல் விட்டானே, அன்றைக்குத்தான் அது சாகிறது. சாட்சி நானே. எங்கள் வீட்டில் மாவளி செத்தது நான் கேட்காத அந்த ஆண்டுகளில். தோ பாயோ கீழ்த்தளத்தில் விளக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது. பத்து ஆண்டு என்று நான் கெடு வைத்துக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு அண்ணனாக ஒரு வேண்டுகோள். உங்கள் ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடி எங்கும் அலையவேண்டாம். உங்கள் தெருவில் மாவளி கட்டத் தெரிந்த ஒரு தாத்தா இருந்தால், இந்தக் கார்த்திகைக்கு முன்பே அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதிவையுங்கள். அப்படியே எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

ஆன்ட்டிக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. முழங்கால் வலி. சென்ற நிலாப் பண்டிகையன்று கீழே வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். வாளியை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். நிறைய இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். முக்கால் வாளிதான் இருந்தது. திரும்பப் போய் நிரப்பிக்கொண்டு வந்தேன்.